தின்னும் நெருப்பு: எபிரேய வேதாகமத்தில் 'ஏஷ்' என்னும் சொல்



ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எபிரேயத்தில் அதற்கு ஆலெஃப், ஷீன் என்று இரண்டே எழுத்து. சேர்த்து ஒலித்தால் 'ஏஷ்'. பொருள் நெருப்பு. எபிரேய வேதாகமத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வழங்கும் தொகுதியில், இச்சொல் 350 இடங்களுக்கு மேல் வருகிறது. அடுப்படி, வயல்வரப்பு, பலிபீடம், முற்றுகையிடப்பட்ட நகரம், மலையுச்சி என்று அது எட்டாத இடம் குறைவு. ஆனால் படைப்புக் கதையில் மட்டும் அதைக் காணோம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒளி உண்டு, நீர் உண்டு, நிலமும் மரமும் மீனும் பறவையும் உண்டு. நெருப்பு படைக்கப்பட்டதாக ஒரு வார்த்தைகூட இல்லை. யூத அறிஞர்கள் இதைக் கவனித்தார்கள். முதல் ஓய்வுநாள் முடிந்த இரவில் ஆதாம் இரண்டு கற்களை உரசி நெருப்பைக் கண்டான் என்று தல்மூதில் ஒரு கதை சொல்லி அந்த இடத்தை நிரப்பினார்கள்.

அப்படியானால் வேதாகமத்தில் 'ஏஷ்' முதன்முதலில் எங்கே வருகிறது? ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தில். ஆபிராம் (பின்னாளின் ஆபிரகாம்) விலங்குகளைப் பிளந்து எதிரெதிராக வைத்திருக்கிறார். பொழுது சாய்ந்து காரிருள் சூழ்ந்தபின் புகைகிற ஓர் அடுப்பும் எரிகிற தீவட்டியும் அந்தத் துண்டுகளின் நடுவே கடந்துபோகின்றன. உடன்படிக்கை செய்ய இறைவன் வந்த விதம் அது. அடுப்புக்கு அங்கே வரும் சொல் 'தன்னூர்'. ரொட்டி சுடும் மண் அடுப்பு. நம் ஊர் உணவகங்களில் வழங்கும் தந்தூர் என்பதும் இதே சொற்குடும்பம்தான். இறைவனின் நெருப்பு முதன்முறையாகத் தோன்றும்போது வீட்டு முற்றத்து ரொட்டி அடுப்பாகவும் கையில் பிடிக்கும் தீவட்டியாகவும் தோன்றுகிறது. நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது. எபிரேயம் இறைவனின் நெருப்புக்கென்று தனியாக ஒரு சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. உழவனும் சமையல் செய்பவளும் சொன்ன சொல்லே சீனாய் மலையுச்சிக்கும் போதுமானதாக இருந்தது. பெயர்ச்சொல் மட்டுமல்ல, அதோடு வரும் வினைச்சொற்களும் அப்படியே.

சொல்லின் உறவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காதியத்தில் இதன் உறவுச்சொல் 'இஷாத்து'. வட சிரியாவின் உகாரித் நகரத்து மொழியிலும் இதற்கு நெருங்கிய வடிவம் உண்டு. எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியிலும் இன்றைய அம்ஹாரியத்திலும் 'எசாத்' என்றால் நெருப்பு. அரபியில் நெருப்புக்கு வழங்கும் சொல் வேறு; அது 'நார்'. எபிரேயத்தில் அந்த வேர் விளக்கைக் குறிக்கும் 'நேர்' என்ற சொல்லிலும், ஆலயத்தின் ஏழுகிளை விளக்குத்தண்டான 'மெனோரா'விலும் இருக்கிறது. அராமேயத்தில் இரண்டு வேரும் உண்டு. தானியேல் நூலின் சூளைக் கதையில் 'நூர்' வருகிறது. அதே நூலின் ஏழாம் அதிகாரத்தில் ஓரிடத்தில் 'எஷ்ஷா' வருகிறது. எபிரேய இலக்கணத்தில் 'ஏஷ்' பெரும்பாலும் பெண்பால். சில இடங்களில் ஆண்பாலாகவும் நடக்கும். எஸ்போனிலிருந்து நெருப்பு புறப்பட்டது என்ற பழம்பாட்டு வரி எண்ணாகமத்தில் பெண்பால் வினையோடு வருகிறது. எரேமியா நூல் அதைத் திருப்பிச் சொல்லும்போது ஆண்பால் வினையோடு வருகிறது. ஒரே வரி, ஒரே நெருப்பு, பால் மட்டும் மாறிவிட்டது.

இப்போது வயலுக்குப் போவோம். யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தில் அண்டை அயலாருக்கிடையே வரும் வழக்குகளுக்கான சட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. ஒருவன் தன் கால்நடையை அவிழ்த்துவிட்டு அது அடுத்தவன் வயலில் மேய்ந்தால், தன் வயலின் நல்ல விளைச்சலைக் கொடுத்து ஈடு செய்ய வேண்டும். இது முதல் சட்டம். நெருப்பு புறப்பட்டு முட்களில் பற்றி, அங்கிருந்து தானியப் போரோ நிற்கும் கதிரோ வயலோ தின்னப்பட்டுப் போனால், நெருப்பு மூட்டியவன் ஈடு செய்ய வேண்டும். இது இரண்டாவது. அந்த நாட்டில் மே தொடங்கி அக்டோபர் வரை அநேகமாக மழை கிடையாது. அறுவடை முடியும் காலத்தில் வயலோரத்து முள் எல்லாம் சருகாகக் காய்ந்து கிடக்கும். களையை எரிக்கப் போன ஒருவனின் கவனக்குறைவு அயலானின் ஓராண்டுச் சாப்பாட்டை அழித்துவிடும். சட்டம் எழுந்த மண் அது.

இந்த இரண்டு சட்டங்களும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்பது எபிரேயத்தில் படித்தால்தான் தெரியும். பேத், அயின், ரேஷ் என்ற மூன்று மெய்கள் 'எரிதல்' என்று பொருள்படும். அதே மூன்று மெய்கள் 'மேயவிடுதல்' என்ற பொருளிலும் வரும். கால்நடைக்குரிய ஒரு சொல்லும் அதில் பிறக்கிறது. ஆகவே முதல் சட்டத்தில் மாடு செய்வதையும் இரண்டாவதில் நெருப்பு செய்வதையும் சட்டம் எழுதியவர் ஒரே ஒலியால் சொல்லியிருக்கிறார். மாடு மேய்ந்தது, நெருப்பு மேய்ந்தது. இரண்டும் அயலான் வயலைத் தின்றுவிட்டன. பின்னாளில் மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு எழுந்தபோது, சேதத்துக்கு மூலமான நான்கு வகைகளைப் பட்டியலிட்டார்கள். மாடு, குழி, மேய்ச்சல், நெருப்பு. தல்மூதில் இதைப் பற்றி ஒரு விவாதம் இருக்கிறது. ஒருவன் மூட்டிய நெருப்பு அவனுக்கு யார்? அவன் எய்த அம்பு போன்றது, எங்கே போய் விழுந்தாலும் அவனே செய்த செயல் என்கிறார் ரபி யோகனான். அவனுடைய சொத்து போன்றது, அவிழ்ந்துபோன மாட்டுக்கு அவன் பொறுப்பாவது போல இதற்கும் பொறுப்பு என்கிறார் ரேஷ் லாகிஷ். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் உட்கார்ந்து படிக்க வேண்டிய விவாதம் அது.

இந்தச் சட்டத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன. நெருப்பு 'புறப்பட்டது', பிறகு 'தின்றது'. இரண்டாவது வினையின் வேர் 'ஆகல்'. நடுவிலுள்ள ககரத்தை 'அகம்' என்பதில் ஒலிப்பது போல மெல்ல ஒலிக்க வேண்டும். ரொட்டியைத் தின்பதற்கும் இதே வினைதான். நெருப்புக்குத் தின்னும் குணம் கற்பிப்பது நமக்கும் புதிதல்ல. தீக்கு இரையானது என்று நாளிதழ்கள் அன்றாடம் எழுதுகின்றன. வடமொழியில் அக்கினிக்கு 'ஹுதாசனன்', அதாவது அவியுணவை உண்பவன் என்றே ஒரு பெயர். ஆனால் எபிரேயத்தில் 'ஏஷ்', 'புறப்படு', 'தின்' ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு வாய்பாடாகவே உறைந்துவிட்டன. நியாயாதிபதிகள் நூலில் யோதாம் ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடி, கடைசியில் முட்செடியிடம் வந்து நிற்கின்றன. என்னை உண்மையோடு ஏற்காவிட்டால் என்னிடமிருந்து நெருப்பு புறப்பட்டு லீபனோனின் கேதுருக்களைத் தின்னட்டும் என்கிறது முட்செடி. எஸ்போனின் நெருப்பும் புறப்பட்டுப் போய் மோவாபின் ஆர் நகரத்தைத் தின்கிறது. வயலில் பிறந்த வாய்பாடு அரசியலுக்கும் போருக்கும் போய்விட்டது.

இனி லேவியராகமம். எனக்கு இந்த நூல் முழுவதிலும் மிகக் கடினமான பகுதி இதுதான். ஆரோனும் அவர் மக்களும் ஆசாரியர்களாக அபிஷேகம் பெற்ற எட்டாம் நாள். பலிகள் படைக்கப்பட்டுவிட்டன. ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் கர்த்தரின் சந்நிதியிலிருந்து நெருப்பு புறப்பட்டு, பலிபீடத்தின் மேலிருந்த தகனபலியையும் கொழுப்பையும் தின்றுவிடுகிறது. ஜனங்கள் ஆர்ப்பரித்து முகங்குப்புற விழுகிறார்கள். இடையில் ஒரே ஒரு வசனம். அதில் ஆரோனின் மக்கள் நாதாபும் அபியூவும் ஆளுக்கொரு தூபகலசத்தை எடுத்து, நெருப்பையும் தூபவர்க்கத்தையும் போட்டு, கட்டளையிடப்படாத ஒரு நெருப்பைப் படைக்கிறார்கள். அடுத்த வசனத்தில் கர்த்தரின் சந்நிதியிலிருந்து நெருப்பு புறப்பட்டு அவர்களைத் தின்றுவிடுகிறது.

எபிரேயத்தில் அந்த இரண்டு வசனங்களும் ஐந்து சொற்கள் வரை எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆறாவது சொல்லில்தான் பிரிகின்றன. ஓரிடத்தில் பலிபீடத்தின் மேலிருந்தது, மற்றதில் 'அவர்களை'. அதிகாரப் பிரிப்பு பிற்காலத்தில், இடைக்கால ஐரோப்பாவில் வந்தது. அது சரியாக இந்த இடத்தில் கத்தி போட்டுவிட்டதால், இன்று வாசிப்பவர்கள் பலர் மகிழ்ச்சியான ஒரு நாளை முடித்துவிட்டு, துயரமான இன்னொரு நாளைத் தொடங்குவது போல வாசிக்கிறார்கள். மூலத்தில் அது ஒரே நாள், ஒரே நெருப்பு. ஏற்றுக்கொண்டதும் அழித்ததும் ஒரே வாக்கியத்தால் சொல்லப்பட்டிருக்கின்றன. வயற்காட்டுச் சட்டத்தில் கேட்ட அதே இரண்டு வினைகளால் சொல்லப்பட்டிருக்கின்றன. 'ஏஷ்' யாருக்கும் உறவில்லை என்பதை முள் எரிந்து வயல் போன உழவன் அறிவான். ஆசாரியன் வீட்டிலும் அதுவே நிகழ்ந்தது என்று நூலாசிரியர் வேறு அலங்காரம் எதுவும் சேர்க்காமல் எழுதிவிட்டார்.

அவர்களின் குற்றம் என்ன என்பதில் கருத்துகள் பல. அதே அதிகாரத்தில் ஆசாரியர் மது அருந்திவிட்டுக் கூடாரத்துக்குள் வரக்கூடாது என்ற தடை வருவதால், குடித்திருந்தார்கள் என்று சிலர் உரை சொன்னார்கள். எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது வேறு. பாவநிவாரண நாளில் தூபத்துக்கான தணலைப் பலிபீடத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்று 16-ஆம் அதிகாரம் விதிக்கிறது. இவர்கள் எடுத்தது வேறு எங்கிருந்தோ. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இறந்தவர்களின் உறவினர் இருவர் வந்து, அவர்களை அவர்களுடைய அங்கிகளோடே தூக்கிப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள் என்று நூல் சொல்கிறது. அங்கி எரியவில்லையா என்று தல்மூத் அறிஞர்கள் கேட்டார்கள். உடுப்பு கருகாமல் உயிரை மட்டும் தின்ற நெருப்பு என்று விடை கண்டார்கள். எதைத் தின்றது, எதை விட்டது என்ற கேள்வியை அவர்கள் எந்த இடத்திலும் விடுவதில்லை.

தூபகலசம் என்று நம் மொழிபெயர்ப்பில் வருவதற்கு எபிரேயத்தில் 'மக்தா'. தணலை வாருதல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். அது கோயில் பாத்திரமாவதற்கு முன்னால் வீட்டுச் சாமான். ஏசாயா ஓரிடத்தில் சுக்குநூறாக உடைந்த குயவன் பானையைச் சொல்லும்போது, அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்கக்கூட உதவும் ஓடு அதில் மிஞ்சாது என்கிறார். தீப்பெட்டி பரவுவதற்கு முன் நம் கிராமங்களில் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து ஓட்டில் கங்கு வாங்கி வந்தது போலத்தான் அங்கும் நடந்திருக்கிறது. நீதிமொழிகளில், ஒருவன் மடியில் நெருப்பை வாரிக்கொண்டு உடை வேகாமல் இருக்க முடியுமா என்ற பொருளில் ஒரு கேள்வி வருகிறது. அங்கேயும் அதே வினை. 'மனிதன்' என்பதற்கான 'ஈஷ்', 'நெருப்பு' என்பதற்கான 'ஏஷ்' இரண்டும் அந்த வரியில் ஒட்டிக்கொண்டு நிற்பதை வாய்விட்டு வாசித்தால் உடனே உணரலாம்.

நெருப்பைக் கையில் கொண்டுபோகும் இன்னொரு பயணம் உங்களுக்குத் தெரியும். ஆபிரகாம் மோரியா நாட்டுக்குப் போகிறார். மூன்றாம் நாள் தூரத்தில் இடம் தெரிகிறது. விறகை மகன் மேல் சுமத்துகிறார்; நெருப்பையும் கத்தியையும் தம் கையில் வைத்துக்கொள்கிறார். காயம் செய்யக்கூடிய இரண்டையும் பிள்ளையிடம் தரவில்லை என்று பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது கத்திக்கு வரும் சொல்லை. வழக்கமான சொல் அல்ல, 'மஆகெலெத்'. 'தின்' என்ற வினையின் வேரில் பிறந்தது. தின்னும் நெருப்பும் தின்னும் இரும்பும் ஒரே கையில் இருக்கின்றன. மகன் கேட்கும்போது நெருப்பைச் சொல்கிறான், விறகைச் சொல்கிறான், ஆட்டுக்குட்டி எங்கே என்கிறான். கத்தியைச் சொல்லவில்லை. அவன் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அதற்குப்பின் அந்த அதிகாரத்தில் 'ஏஷ்' என்ற சொல் வரவே இல்லை. ஆட்டுக்கடா தகனபலியாகிறது என்று மட்டும் இருக்கிறது. மகனின் கேள்வியோடு நெருப்பு கதையிலிருந்து போய்விடுகிறது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு ஓரேப் மலையின் முட்செடியிடம் வந்தால், அந்த அதிசயத்தின் அளவு சரியாகப் புரியும். மோசே காண்பது எரிகிற செடி. வெயில் காய்ந்த வனாந்தரத்தில் செடி எரிவது அதிசயமல்ல. செடி தின்னப்படவில்லை என்பதே அதிசயம். எபிரேய வாக்கியம் அந்த வினையைத்தான் பயன்படுத்துகிறது. நெருப்பு இருக்கிறது, முள் இருக்கிறது, தின்பது மட்டும் நடக்கவில்லை. இந்தக் காட்சி வரும் யாத்திராகமத்திலேயே பின்னால் வரும் வயற்காட்டுச் சட்டத்தின்படி நெருப்பு முதலில் பற்றிக்கொள்வது முள்ளை. மிக எளிதில் அழியக்கூடிய ஒன்றின் நடுவில் இறைவன் நெருப்பாக இருந்தும் அது மிஞ்சி நின்றது. அடிமைகளாக இருந்த ஒரு மக்கள் கூட்டத்தை மீட்கும் கதை இந்தக் காட்சியோடு தொடங்குவதில் எனக்கு வியப்பில்லை. பின்னால் உபாகமம் அதே இறைவனைத் தின்னும் நெருப்பு என்று பெயரிட்டே சொல்கிறது. முட்செடிக் காட்சியை மறந்துவிட்டு உபாகமத்தை மட்டும் வாசித்தால் பயம் மட்டுமே மிஞ்சும்.

இங்கே நம் தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் குழுவினர் திருத்தி, இன்றும் வீடுகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் ஆபிரகாம் கையிலிருப்பது 'நெருப்பு'. நாதாபும் அபியூவும் படைத்தது 'அந்நிய அக்கினி'. உபாகமத்தில் வருவது 'பட்சிக்கிற அக்கினி'. முட்செடி 'வெந்துபோகாமல்' இருந்தது. தமிழில் வீட்டுக்கு நெருப்பும் வேள்விக்கு அக்கினியும் ஏற்கெனவே பிரிந்து நின்றன. மொழிபெயர்த்தவர்கள் தமிழின் வழக்கத்துக்கு இணங்கி எழுதினார்கள். அந்த வாக்கியங்களின் கம்பீரத்தை நான் மதிக்கிறேன், அவற்றில்தான் வளர்ந்தேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தமிழில் வாசிப்பவருக்கு ஆபிரகாமின் கையிலிருந்த நெருப்பும் ஆரோன் மக்களைத் தின்ற நெருப்பும் இரண்டு வெவ்வேறு பொருள்களாகத் தெரிகின்றன. வெந்துபோகாத செடிக்கும் பட்சிக்கிற அக்கினிக்கும் இடையில் எபிரேயத்தில் ஓடும் ஒரே வினை தமிழில் கண்ணுக்குத் தெரியவில்லை.

எலியாவின் கதையில் இந்தச் சொல் வேறு விதமாக விளையாடுகிறது. அகசியா ராஜா எலியாவைப் பிடித்துவர ஐம்பது பேருக்குத் தலைவன் ஒருவனை அனுப்புகிறான். அவன் வந்து தீர்க்கதரிசியைத் தேவனுடைய மனிதனே என்று விளிக்கிறான். நான் தேவனுடைய மனிதனாக இருந்தால் வானத்திலிருந்து நெருப்பு இறங்கட்டும் என்பது எலியாவின் பதில். அழைத்தது 'ஈஷ்', இறங்கியது 'ஏஷ்'. இரண்டாவது ஐம்பது பேருக்கும் அதே கதி. மூன்றாவது தலைவன் மட்டும் முழங்காலில் விழுந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறான். அதே எலியாவுக்குத்தான் அதற்கு முன்பு ஓரேபில் பாடம் நடந்திருந்தது. காற்று, நிலநடுக்கம், நெருப்பு ஆகிய மூன்றும் வந்துபோயின; கர்த்தர் அந்த நெருப்பில் இல்லை என்று அந்தப் பகுதி ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. முட்செடி எரிந்ததாகச் சொல்லப்பட்ட அதே மலையில் இது நடக்கிறது. நெருப்பை இறைவனின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டவர்களுக்கு வேதாகமம் தானே போட்ட கடிவாளம் அது.

ரபிமார்கள் இந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தும் பொருள் கண்டார்கள். ஆணைக் குறிக்கும் 'ஈஷ்', பெண்ணைக் குறிக்கும் 'இஷ்ஷா' இரண்டிலும் 'ஏஷ்' இருக்கிறது. கூடுதலாக ஒன்றில் யோத், மற்றொன்றில் ஹே. அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் இறைவனின் பெயர். கணவனும் மனைவியும் தகுதியோடு வாழ்ந்தால் இறைமை அவர்களுக்கு நடுவில் தங்கும், இல்லாவிட்டால் அந்த எழுத்துகள் விலகி, நெருப்பும் நெருப்புமாக ஒருவரையொருவர் தின்பார்கள் என்றார் ரபி அகிபா. மொழியியல் இதை ஏற்காது. ஆனால் குடும்பத்தைப் பற்றி அவர் கண்டறிந்தது பொய்யல்ல. பலியைக் குறிக்கும் 'இஷ்ஷே' என்ற சொல்லையும் பழைய அகராதிகள் 'ஏஷ்' என்பதிலிருந்தே வருவித்தன. நெருப்பில் இடாத படையலுக்கும், ஊற்றும் திராட்சை மதுவுக்கும் அதே சொல் வருகிறதே என்ற கேள்வி எழுந்தது. உகாரித் மொழியில் 'கொடை' என்று பொருள்படும் ஒரு சொல்லோடு அது தொடர்புடையது என்பதை இன்று ஆய்வாளர் பலர் ஏற்கிறார்கள். லேவியராகமத்துக்கு விரிவுரை எழுதிய ஜேக்கப் மில்குரோம் உணவுக் கொடை என்றே பொருள் கொண்டார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ரபிமார்கள் சொன்னவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது தல்மூதின் யோமா பகுதியில் இருக்கிறது. நெருப்பு ஆறு வகை என்கிறார்கள். தின்னும், குடிக்காது: அது நம் வீட்டு நெருப்பு, தண்ணீர் பட்டால் அணைந்துவிடும். குடிக்கும், தின்னாது: அது நோயாளியின் காய்ச்சல். தின்னவும் செய்யும், குடிக்கவும் செய்யும்: அது கர்மேல் மலையில் எலியாவின் பலிமேல் இறங்கியது, பலியையும் விறகையும் கல்லையும் மண்ணையும் தின்று, வாய்க்காலில் நின்ற தண்ணீரையும் நக்கியது. ஈரத்தை உலர்ந்ததைப் போலவே தின்னும்: அது பலிபீடத்து நெருப்பு. நெருப்பைத் தள்ளும் நெருப்பு: அது காபிரியேல் தூதனுடையது, சூளைக்குள் போடப்பட்ட மூன்று இளைஞரை அவன் காத்தான் என்ற கதையைக் குறிக்கிறது. நெருப்பையே தின்னும் நெருப்பு: அது இறைமையின் நெருப்பு. அடுப்பில் தொடங்கி, நோயாளியின் படுக்கை வழியாக, இறைவனிடம் போய் முடிகிறது வரிசை. வரிசைப்படுத்தும் அளவுகோல் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றே: எதைத் தின்னும்?

தின்னும் என்ற வினை வராத ஒரு நெருப்பும் உண்டு. எரேமியா நூல் 36-ஆம் அதிகாரம். யூதாவின் ராஜா யோயாக்கீமின் ஐந்தாம் ஆண்டு, கி.மு. 604 வாக்கில். ஒன்பதாம் மாதம், குளிர்காலம். ராஜா தன் குளிர்கால மாளிகையில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே கணப்புச் சட்டியில் தணல். எரேமியா சொல்லச் சொல்ல பாரூக் எழுதிய சுருளை யெகுதி என்ற அதிகாரி வாசிக்கிறான். மூன்று, நான்கு பத்திகள் வாசித்ததும் எழுத்தரின் சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து, கணப்பில் போடுகிறார்கள். மறுபடியும் மூன்று, நான்கு பத்திகள். மறுபடியும் அறுப்பு. சுருள் முழுவதும் தீரும்வரை இது நடக்கிறது. அரசவையினர் சிலர் வேண்டாம் என்று கெஞ்சியும் ராஜா கேட்கவில்லை. அறுப்பதற்கு வரும் வினையே உடையைக் கிழிப்பதற்கும் வரும் வினை. இவனுடைய தகப்பன் யோசியா, ஆலயத்தில் கண்டெடுத்த சுருளை வாசிக்கக் கேட்டபோது தன் உடையைக் கிழித்தான். மகன் சுருளைக் கிழிக்கிறான். அங்கிருந்தவர்கள் யாரும் உடையைக் கிழிக்கவில்லை என்று நூலாசிரியர் சேர்த்து எழுதுகிறார். சுருளை நெருப்பு தின்றதாக அவர் எழுதவில்லை. நெருப்பின் மேல் சுருள் தீர்ந்துபோனது என்று மட்டும் எழுதுகிறார். பிறகு எரேமியா இன்னொரு சுருளை எடுத்துக் கொடுக்க, அவர் சொல்லச் சொல்ல பாரூக் எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறார். முன்பு இல்லாத பல வார்த்தைகளும் அதில் சேர்கின்றன. இதே எரேமியா, பேசாமல் அடக்கிக்கொள்ளப் பார்த்தபோது தம் எலும்புகளுக்குள் அடைபட்ட நெருப்பு போல அந்த வார்த்தை இருந்ததாக முன்பே புலம்பியவர். கணப்பு நெருப்பும் எலும்புக்குள் இருந்த நெருப்பும் ஒரே சொல்தான். எரேமியா நூலை வாசிப்பவர் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கடைசியாக, இந்தச் சொல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் இடம். யாத்திராகமம் 35-ஆம் அதிகாரம் ஓய்வுநாளில் உங்கள் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்டக்கூடாது என்று விதிக்கிறது. வாய்மொழி மரபை ஏற்காமல் எழுதியதை மட்டும் பின்பற்றிய காரைம் பிரிவினர், ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பே எரியக்கூடாது என்று பொருள் கொண்டு வெள்ளி இரவை இருட்டில் கழித்தார்கள். 15-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் அவர்களுடைய தலைவர்கள் சிலர் இந்த நிலையைத் தளர்த்தியபோது அந்தச் சமூகத்துக்குள்ளேயே பிளவு வந்தது. ரபிமார்களின் வழியில் வந்தவர்கள், மூட்டுவதுதானே கூடாது, முன்பே மூட்டியது எரியலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் யூத வீடுகளில் விளக்கேற்றும் வழக்கம் இந்த விளக்கத்தின் மேல் நிற்கிறது.

மின்சாரம் வந்தது. எபிரேயத்தில் மின்சாரத்துக்குச் சூட்டிய பெயரே எசேக்கியேலின் தரிசனத்தில் நெருப்பின் நடுவிலிருந்து ஒளிர்ந்த 'கஷ்மல்' என்ற சொல். ஓய்வுநாளில் விளக்கின் விசையைத் தட்டுவது நெருப்பு மூட்டுவதாகுமா? இரும்பைப் பழுக்கக் காய்ச்சுவது நெருப்பு மூட்டுவதே என்று 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிதிஸ் எழுதியிருந்தார். ஆகவே வெண்சூடாகக் காயும் இழை கொண்ட குமிழ்விளக்கு 'ஏஷ்' என்ற வரையறைக்குள் வரும் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள். கசோன் இஷ் என்ற நூற்பெயரால் அறியப்பட்ட அவ்ரகாம் யெஷாயா கரேலிட்ஸ், மின்சுற்றை இணைப்பதே கட்டும் வேலை, ஆகவே ஓய்வுநாளில் கட்டுவதற்குள்ள தடையின்கீழும் வரும் என்றார். எருசலேமின் ஷ்லோமோ சல்மான் அவர்பாக் அதை ஏற்கவில்லை. காயும் இழை இல்லாத கருவியில் சுற்றை இணைப்பது மட்டுமே தோராவின் தடையாகாது, வழக்கத்தால் தவிர்க்கிறோம் என்று வாதிட்டார். இப்போது இழைவிளக்குகள் அருகிவிட்டன. எல்இடி விளக்கில் பழுக்கக் காயும் கம்பி இல்லை. ஓய்வுநாளில் அதைப் போடுவதில்லை என்பதில் ஆசாரமான யூதர்களிடையே மாற்றம் இல்லை. அது 'ஏஷ்' ஆகுமா, வேறு எந்த விதியின்கீழ் அதைத் தவிர்க்கிறோம் என்பதைத்தான் ரபிமார்கள் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.